வத்சநாபியும் என் வீட்டுக்காரர் நாக்கும்

என் வீட்டுக்காரர் வகிக்கும் பதவிக்குப் பெயர் நாக்கு. கேலிக்குச் சொல்லவில்லை. நியமன உத்தரவிலேயே அப்படித்தான் அடித்திருக்கிறார்கள்: மூலிகைப் பரிசோதனைக் கூடம், நச்சுப் பிரிவு, நாக்கு, நிரந்தரம். இவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் கடைசிவரை தற்காலிக நாக்காகவே இருந்து ஓய்வு பெற்றார். அதைச் சொல்லும்போதெல்லாம் இவருக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் விரியும்.

வேலை இதுதான். வத்சநாபி என்று ஒரு செடி இருக்கிறது. தலையில் முக்காடு போட்டுக்கொண்டது போல் நீலப் பூ பூக்கும். அதன் கிழங்கைப் பச்சையாக வாயில் வைத்தால் முதலில் உதடு குறுகுறுக்கும், பிறகு நாக்கு மரக்கும், பிறகு இதயம் தாளம் தப்பும், அதற்குப் பிறகு உறவுக்காரர்களுக்குத் தகவல் சொல்ல வேண்டியிருக்கும். அதே கிழங்கை மணிக்கணக்கில் வேகவைத்தால் நஞ்சு உடைந்து, சாதுவாகி, மூட்டுவலி மாத்திரைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆலைகள் வேகவைத்து அனுப்பும் கிழங்கு ஒழுங்காக வெந்திருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் கூடத்தின் கடமை. பார்ப்பது என்றா சொன்னேன்? ருசிப்பது. கிழங்கை ஊறவைத்து, மிக மிக நீர்க்க வைத்த தண்ணீரில் ஒரு வாய் எடுத்து, நாக்கு சார் கொப்பளித்துத் துப்புவார். கண்ணை மூடிக் காத்திருப்பார். குறுகுறுப்பு வந்தால் அந்தத் தொகுதி திரும்பிப் போகும். வராவிட்டால் அன்று சாயங்காலமே வண்டி ஏறும்.

வத்சநாபியின் தாவரக் குடும்பம் பெரியது. என் புகுந்த வீட்டைப் பார்த்த பிறகு அந்தக் குடும்பத்தை நான் சுலபமாகப் புரிந்துகொண்டேன். எல்லாரும் பார்க்க லட்சணம். மஞ்சள் கிண்ணம் போல் பூக்கும் ஒரு தங்கை உண்டு, இலையைக் கசக்கினால் கையெல்லாம் கொப்புளம். வேலியில் படரும் ஒரு சித்தி உண்டு, அவளும் அப்படியே. இன்னொரு பெரியப்பா நேராக இதயத்தில்தான் கை வைப்பார். குடும்பத்துக்கு நல்ல பேர் வாங்கித் தருவது கருஞ்சீரகம் ஒன்றுதான், அதுவும் சமையலறைக்குள் ஓடி வந்து தப்பித்துக்கொண்டது. எங்கள் இயக்குநர் இவர்கள் எல்லாருடைய படத்தையும் சட்டம் போட்டுத் தன் அறையில் மாட்டியிருக்கிறார். கல்யாண ஆல்பம் காட்டுகிற மாதிரி வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார்.

நான் அதே கூடத்தில் கருவி இயக்குகிறேன். பதினான்கு வருஷமாக. ஒரு சொட்டை உள்ளே விட்டால் கருவி அரை மணி நேரம் முனகிவிட்டு, தாளில் கோடு வரையும். நஞ்சு இருந்தால் கோடு மலையாக எழும்பும். மலையின் உயரத்தை வைத்து எவ்வளவு நஞ்சு என்று அணுவளவு பிசகாமல் சொல்லிவிடலாம். ஆனால் யார் கேட்கிறார்கள்? கையேட்டின் நான்காம் விதி சொல்கிறது: நாக்கும் கருவியும் முரண்பட்டால் நாக்கே மேல். ஏன் என்று ஒருமுறை இயக்குநரிடம் கேட்டேன். "கருவிக்குக் கையெழுத்து போடுற அதிகாரம் இல்லையேம்மா" என்றார். என் தாளை மடித்து, அறிக்கைக்குப் பின்னால் ஊசி குத்தி இணைத்துவிடுவார்கள். அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்த ஆளை நான் இதுவரை கண்ணால் கண்டதில்லை.

நாக்கோடு குடித்தனம் நடத்துவது லேசுப்பட்ட காரியம் இல்லை. கையேட்டில் நாக்குப் பராமரிப்புக்கு மட்டும் ஆறு பக்கம். சூடாகக் குடிக்கக் கூடாது. காரம் கூடாது. காலை பத்து மணிக்கு முன் உரக்கப் பேசக் கூடாது. அதனால் எங்கள் சண்டையெல்லாம் சாயங்காலம்தான். காபியை ஒரு உறிஞ்சு உறிஞ்சிவிட்டு, "சர்க்கரை நாலு மணி அதிகம்" என்பார். நாலு ஸ்பூன் இல்லை, நாலு மணி! எண்ணிப் போட்டேனா என்ன? நான் ஆக்கிப் போட்ட எதையும் அவர் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. "பரவாயில்லை" என்றால் அன்றைக்கு நான் சாமிக்குத் தீபம் ஏற்றாத குறைதான்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. நாலு நாள் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டு எழுந்தார். ஐந்தாம் நாள் காலையில் காபியைக் குடித்துவிட்டு, "நல்லா இருக்கு" என்றார்.

எனக்குக் காதில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். மத்தியானம் சாப்பாட்டையும் நல்லா இருக்கு என்றார். ராத்திரி பால் ஆறிப் போயிருந்தது, அதையும் நல்லா இருக்கு என்றார். இரண்டு வாரம் நான் தலைகால் புரியாமல் திரிந்தேன். காய்ச்சலில் படுத்த மனுஷனுக்கு நான் கஞ்சி ஊற்றியதும் நெற்றியில் துணி போட்டதும் எங்கோ உள்ளே போய்த் தைத்திருக்கிறது, இந்த வயதில் என்மேல் ஆசை வந்துவிட்டது என்றே நம்பினேன். புதுசாக இரண்டு புடவைகூட எடுத்து உடுத்தினேன். இதை எழுதும்போது இப்போதும் வெட்கமாக இருக்கிறது, இருக்கட்டும்.

ஒருநாள் காலை அவசரத்தில் காபியில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டேன். என் டம்ளரில் ஒரு வாய் வைத்ததும் குடலே வெளியே வந்துவிடும்போல் இருந்தது. ஓடிப் போய் அவரைப் பார்த்தேன். முழு டம்ளரையும் காலி செய்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு ரொம்ப அளவா இருந்துச்சு" என்றார்.

ஆசையும் இல்லை, மண்ணும் இல்லை. நாக்கு செத்துப் போயிருக்கிறது.

"என்னங்க, எத்தனை நாளா இப்படி?" என்றேன்.

அவர் மறைக்கப் பார்த்தார். உப்பு டப்பாவைக் கொண்டு வந்து முன்னால் வைத்தேன். தலையைக் குனிந்துகொண்டார்.

"காய்ச்சல்லேர்ந்துதான். எதுவும் தெரியல. ஊசியால குத்திப் பார்த்தேன், அதுகூடத் தெரியல. வந்துடும்னு டாக்டர் சொல்றாரு. நீ யார்கிட்டயும் சொல்லிடாதே. நாக்கு இல்லேன்னா நான் அங்க யாரு?"

சொல்லவில்லை. அதுதான் நான் செய்த தப்பு. அந்த இரண்டு வாரத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டு பாஸ் செய்த முப்பத்தொரு தொகுதியும் கருவியிலும் சுத்தமாகவே இருந்தன. எல்லாம் நன்றாக வெந்த கிழங்கு. அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு மேல் வந்தவையும் அப்படியே. இரண்டும் ஒத்துப் போகிறவரை யாருக்கு என்ன நஷ்டம் என்று நானும் பூசி மெழுகிவிட்டேன். வேளாவேளைக்கு அவருக்கு மருந்து வாங்கிக் கொடுத்தேன். சாயங்காலம் சண்டை போடுவதையும் நிறுத்தினேன். நாக்கு செத்தவரோடு சண்டை போட்டால் என்ன ருசி இருக்கப் போகிறது?

அப்புறம் நூற்றுப் பதினெட்டாம் தொகுதி வந்தது.

கருவி கோடு போடத் தொடங்கியதும் நான் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். மலை எழும்பிக்கொண்டே போனது, தாளின் மேல் விளிம்பைத் தொட்டது, இடம் போதாமல் மொட்டையாக நின்றது. அளவைக் குறைத்து மறுபடி ஓட்டினேன். மறுபடியும் அதே மலை, இந்தத் தடவை உச்சியோடு. ஆலைக்குப் போன் போட்டேன். எடுத்தவர் ஒளிவு மறைவு இல்லாத மனுஷர். "கொதிகலன் பாதியில நின்னு போச்சுங்க மேடம். ஆனா என்ன, உங்க நாக்கு சார்தான் காலையிலயே பாஸ் பண்ணிட்டாரே! நாலு மணிக்கு உங்க கூடத்துக்கே வண்டி வருது, மாத்திரை போடுற இடத்துக்கு நேராப் போயிடும்" என்றார்.

மூட்டு வலிக்கிறது என்று வரிசையில் நின்று மாத்திரை வாங்குகிறவர்களை நினைத்தேன். முட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்து, தண்ணீரோடு இரண்டு மாத்திரையை விழுங்குவார்கள். மறுநாள் முட்டியும் வலிக்காது, வேறெதுவும் வலிக்காது. நேராக இயக்குநர் அறைக்குப் போய் தாளை மேசைமேல் போட்டேன்.

இயக்குநர் தாளைத் திருப்பிப் பார்த்தார், சாய்த்துப் பார்த்தார். "படம் நல்லா வந்திருக்கு" என்றார்.

"சார், இது வண்டி ஏறினா ஆள் சாவும்."

"நாக்கு, நஞ்சு இல்லைங்குதே."

"நாக்குக்கு உடம்பு சரியில்லை."

கடைசியில் சொல்லிவிட்டேன். சொன்ன மாத்திரத்தில் என் புருஷனை நடுத்தெருவில் நிறுத்திவிட்டதுபோல் இருந்தது. ஆனால் இயக்குநர் அதிர்ச்சியடையவில்லை, ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். நாக்கின்மேல் ஐயம் எழுப்பும் படிவமாம். மூன்று பிரதி. படிவம் வந்தால் அன்றைக்கே மூன்று பேர் குழு கூடி நாக்கைச் சோதிக்க வேண்டும் என்பது விதி. இரண்டு மணிக்குக் கூடியது. தலைவராக வந்த அம்மாள் பாலம் கட்டும் துறையில் பொறியாளர். வேறு யாருக்கும் அன்று நேரமில்லை. மற்ற இருவரில் ஒருவர் இயக்குநரே, இன்னொருவர் குறிப்பு எழுதும் குமாஸ்தா.

சோதனை எளிது. மூன்று கோப்பை வைக்க வேண்டும். இரண்டில் வெறும் தண்ணீர், ஒன்றில் பச்சைக் கிழங்கின் சாறு. நாக்கு எது எது என்று சொல்ல வேண்டும். கோப்பைகளைத் தயாரிக்க வேண்டியது யார்? கருவி இயக்குபவர். அதாவது நான்.

பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பச்சைக் கிழங்குச் சாறு இருந்த புட்டியைக் கையில் எடுத்தேன். உணர்ச்சி உள்ள நாக்கு முதல் குறுகுறுப்பிலேயே துப்பிவிடும். இவர் எதைக் கண்டு துப்புவார்? வராத குறுகுறுப்புக்காக அந்தச் சாற்றை வாயில் அதக்கிக்கொண்டே காத்திருப்பார். கௌரவம் பிடித்த மனுஷர். இன்னும் கொஞ்சம் பார்க்கலாம், இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று விழுங்கியும் வைப்பார். புட்டியைத் திரும்ப அலமாரியில் வைத்துப் பூட்டினேன். குழாயைத் திறந்து மூன்று கோப்பையிலும் தண்ணீரைப் பிடித்தேன்.

அறையில் அவர் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தார். என்னை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. காட்டிக்கொடுத்தவளை எதற்குப் பார்க்க வேண்டும்?

முதல் கோப்பை. கொப்பளித்தார், துப்பினார், கண்ணை மூடினார். ஒரு நிமிஷம் கழித்து, "தண்ணி" என்றார்.

இரண்டாவது கோப்பை. கொப்பளித்தார். துப்பினார். கண்ணை மூடினார். பிறகு அவர் செய்ததை ஒரு நாடகக்காரன்கூடச் செய்திருக்க மாட்டான். கீழுதடு லேசாகத் துடித்தது. புருவம் மேலே ஏறியது. கண்ணோரம் ஈரம் கசிந்தது. இரண்டு விரலால் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"இதுதான். பச்சைக் கிழங்கு. மலைக்குக் கீழ்ப் பக்கம் விளைஞ்சது. வயசு மூணு வருஷம் இருக்கும்" என்றார்.

இயக்குநர் கை தட்டினார். குமாஸ்தாவும் தட்டினார். தலைவி அம்மாள் சிலிர்த்துப் போய், "எங்க பாலத்துக்கெல்லாம் இப்படி ஒரு ஆள் இல்லையே!" என்றார்.

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் என் வீட்டுக்காரர் நிரந்தரமாகவே நிரந்தர நாக்கு. நூற்றுப் பதினெட்டும் வண்டி ஏறிவிடும். மணி மூன்றரை.

"மூணுமே தண்ணிங்க" என்றேன்.

நான் போய் மூன்று கோப்பையையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து மடக் மடக்கென்று குடித்தேன். மூன்றாவதில் புரையேறிவிட்டது. இருமி முடித்து, "குழாய்த் தண்ணி. வேணும்னா எல்லாரும் ஒரு வாய் குடிச்சுப் பாருங்க" என்றேன்.

தலைவி அம்மாள் கையேட்டைத் திறந்தார். நான்காம் விதியை விரலால் தொட்டுப் படித்தார். பிறகு நிமிர்ந்து, மிகவும் நிதானமாக, "நாக்கே மேல்னு இருக்கு. அப்படின்னா இந்தக் குழாய்த் தண்ணியில நஞ்சு இருக்கு" என்றார்.

நான் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. குமாஸ்தா அரக்கும் நூலும் எடுத்துக்கொண்டு போய்க் கூடத்துக் குழாய்களுக்கெல்லாம் முத்திரை வைத்துவிட்டு வந்தார். இயக்குநர் என்னிடம் குனிந்து, "உனக்கு மயக்கம் ஏதாவது வருதாம்மா?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். மாடியில் யாரோ கை கழுவப் போய்த் திட்டிக்கொண்டே திரும்பியது கேட்டது.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் எழுந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது.

"அவ சொல்றது நிஜம். எனக்கு எதுவும் தெரியல. ரெண்டு மாசமா என் நாக்கு செத்துப் போச்சு. ரெண்டாவது கோப்பைன்னு சும்மா அடிச்சு விட்டேன்."

அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு வலித்தது என்று எனக்குத் தெரியும். இத்தனை வருஷத்துப் பெருமையைப் பாலம் கட்டுகிற ஒருவர் முன்னால் அவிழ்த்துப் போட்டார். தலைவி அம்மாளோ பேனாவை உதட்டில் தட்டிக்கொண்டு யோசித்தார்.

"நாக்கு செத்துப் போச்சுன்னு யார் சொல்றது?"

"நான்தாங்க."

"நீங்கன்னா நாக்கு. நாக்கு செத்திருந்தா அது சொல்றதை நாங்க ஏத்துக்க முடியாது. சாகலேன்னா, செத்துப் போச்சுன்னு சொல்றது பொய். ரெண்டுல எதுவா இருந்தாலும் இதைக் குறிப்புல எழுத முடியாது."

"எழுத முடியாது" என்றார் குமாஸ்தா, பேனாவை மூடியபடி.

இயக்குநர் நிம்மதியாக மூச்சு விட்டார். கூட்டம் முடிந்தது என்று எல்லாரும் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்கள். கீழே வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது. மூட்டைகள் ஏற்றுகிற சத்தம் கேட்டது. நான் கரடியாய்க் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. மலை, மலை என்று அந்தத் தாளை எல்லார் முகத்துக்கு முன்னாலும் ஆட்டினேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது. இயக்குநர் அதை என் கையிலிருந்து பதமாக வாங்கி, மடித்து, அறிக்கைக்குப் பின்னால் ஊசி குத்தினார்.

என் வீட்டுக்காரர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்று முழுக்கப் பார்க்காததற்கெல்லாம் சேர்த்துப் பார்த்தார். பிறகு மேசைக்குப் போய், காலையில் ருசி பார்த்த, நூற்றுப் பதினெட்டு என்று சீட்டு ஒட்டிய மாதிரிப் புட்டியை எடுத்தார்.

"மறுபரிசோதனை. நாக்கு எப்ப வேணும்னாலும் பண்ணலாம்னு விதி இருக்கு. உக்காருங்க" என்றார்.

உட்கார்ந்தார்கள். ஒரு வாய் எடுத்தார். "துப்புங்க!" என்று கத்தினேன். கையேட்டின்படி அப்படிக் கத்தக் கூடாது. அவர் அந்த நொடியே துப்பினார். நான் நீட்டிய துணியில் நாக்கை வழித்து வழித்துத் துடைத்தார். கண்ணை மூடிக்கொள்ளவில்லை. உதட்டைத் துடிக்க வைக்கவும் இல்லை. ஒன்றும் இல்லாத முகத்தோடு, "குறுகுறுங்குது. பாஸ் இல்லை. வண்டியை நிறுத்துங்க" என்றார்.

ஒரு பொய்யான குறுகுறுப்பை அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் அவ்வளவு ஜோடனையோடு சொன்னார். அதை நம்பிக் கை தட்டியவர்கள் இப்போது முழித்தார்கள். தலைவி அம்மாள் படிவத்தில் அடுத்த கட்டத்தைப் பார்த்தார்.

"குறுகுறுப்பு எந்த அளவு? லேசா, நடுத்தரமா, கடுமையா?"

அவர் ஏதாவது ஒன்றைச் சொல்லியிருக்கலாம். அடித்து விடுவது அவருக்குத் தெரியாததா? சொல்லவில்லை. என் பக்கம் கையைக் காட்டினார்.

"அவளைக் கேளுங்க."

"அதுக்குக் கையேட்டுல இடம் இல்லையே, சார்."

"நாக்கு சொல்றதுதானே மேல?" என்றார் அவர். "நாக்கு சொல்லுது. அவளைக் கேளுங்க. இன்னைக்கு மட்டும் இல்லை, இனிமே எல்லாத்துக்கும் அவளைக் கேளுங்க. அப்படியே எழுதிக்குங்க."

தலைவி அம்மாள் கையேட்டை முன்னும் பின்னும் புரட்டினார். அதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. குமாஸ்தா பேனாவைத் திறந்தார். மூன்று பேரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"சொல்லும்மா" என்றார் தலைவி.

"அனுமதிச்ச அளவைவிட நாப்பத்திரண்டு மடங்கு" என்றேன்.

கட்டம் சின்னது. குமாஸ்தா எழுத்தைப் பொடிப்பொடியாக்கி அதற்குள் அடைத்தார். இயக்குநர் வண்டியை நிறுத்தப் படியிறங்கி ஓடினார். என் வீட்டுக்காரர் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி தேம்பித் தேம்பி அழுதார். நான் குழுவின் முன்னாலேயே போய் அவர் தலையை என் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.